பிரஷருக்காகச் சேர்க்கப்பட்டவர்: ஹெமிங்வேயின் உடலும் மனச்சோர்வும், ஒரு நிகழ்வு ஆய்வு

1960 நவம்பர் 30. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம், ராச்செஸ்டர். மேயோ கிளினிக்கைச் சேர்ந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் ஒருவரைச் சேர்த்தார்கள். பதிவேட்டில் எழுதிய பெயர் ஜார்ஜ் சேவியர்ஸ். அது நோயாளியின் பெயர் அல்ல, ஐடஹோவிலிருந்து அவரை அழைத்துவந்த குடும்ப டாக்டரின் பெயர். படுக்கையில் இருந்தவர் அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே. சேதி கசிந்து பத்திரிகைக்காரர்கள் விசாரிக்க ஆரம்பித்தபோது வெளியே சொல்லப்பட்ட காரணம், உயர் இரத்த அழுத்தம்.

பொய் என்று சொல்லிவிட முடியாது. பிரஷர் உண்மையிலேயே இருந்தது, பல வருடங்களாக. ஆனால் அவரைக் கொண்டுவந்தது பிரஷருக்காக அல்ல, கடுமையான மனச்சோர்வுக்காக. நோபல் பரிசு வாங்கிய மனிதர் மனநல சிகிச்சைக்குப் போகிறார் என்று அந்தக் காலத்தில் சொல்லக் கூசினார்கள். அதனால் உடம்பு போர்வையானது.

எனக்கு இந்த நிகழ்வில் உறுத்துவது இதுதான்: போர்வையாக இழுத்துவிட்ட அந்த உடம்பையே எடுத்து யாரும் முழுசாகக் கூட்டிப் பார்க்கவில்லை. ஏழு மாதம் கழித்து, 1961 ஜூலை 2 அதிகாலையில், 62ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில், அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். எப்படி என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை, எழுதப்போவதும் இல்லை.

தலையில் பட்ட அடிகள்

1899இல் இல்லினாய் மாநிலத்தின் ஓக் பார்க்கில் பிறந்தவர். அப்பா டாக்டர். 1918 ஜூலையில், 19 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கும்போது, இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவைச் சங்கப் பணியில் இருந்தவர் பக்கத்தில் குண்டு வெடித்தது. காலில் இருநூறுக்கும் மேற்பட்ட உலோகத் துணுக்குகள். அதன் பிறகு நெடுங்காலம் இருட்டில் தூங்க முடியாமல் தவித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

1928 மார்ச்சில் பாரிஸ் வீட்டுக் குளியலறையில் தவறான சங்கிலியைப் பிடித்து இழுத்து, கூரையின் கண்ணாடிச் சாளரம் தலையில் விழுந்தது. நெற்றியில் கடைசிவரை இருந்த தழும்பு அதனால் வந்தது. 1944 மே மாதம் லண்டனில், போர்க்கால இருட்டடிப்பு இரவில் அவர் இருந்த கார் தண்ணீர்த் தொட்டியில் மோதியது. தலையில் ஐம்பதுக்கு மேல் தையல். ஓய்வெடுக்கச் சொன்னார்கள், அவர் கேட்டால்தானே! சில நாளில் எழுந்து போய்விட்டார். அதே வருடம் ஆகஸ்டில் நார்மண்டியில் மோட்டார் சைக்கிளிலிருந்து பள்ளத்தில் விழுந்து மறுபடி தலையில் அடி. மாதக்கணக்கில் தலைவலி, பொருள்கள் இரட்டையாகத் தெரிவது. இடையிடையே குத்துச்சண்டை வேறு. அது அவருக்குப் பொழுதுபோக்கு.

ஒரு தற்செயல் பொருத்தம். பாரிஸில் கண்ணாடி விழுந்த அதே 1928இல்தான் ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர், அடி வாங்கி வாங்கித் தள்ளாடும் குத்துச்சண்டைக்காரர்களின் நிலையை மருத்துவ இதழில் விவரித்தார். இன்று சி.டி.இ. என்று பேசப்படும் மூளைச் சிதைவின் முதல் விவரிப்பு அது.

பெரிய அடி 1954 ஜனவரியில் விழுந்தது. உகாண்டாவில் மர்ச்சிசன் அருவிக்குப் பக்கத்தில் அவர் போன சிறு விமானம் விழுந்தது. மீட்டுக்கொண்டு போக வந்த இரண்டாவது விமானம் மறுநாள் புட்டியாபாவில் தீப்பிடித்தது. கதவு திறக்கவில்லை. தலையால் முட்டித் திறந்து வெளியே வந்தார். காதிலிருந்து மூளைத் தண்டுவடத் திரவம் கசிந்தது. கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் மூன்றிலும் காயம். முதுகெலும்பு நசுங்கியிருந்தது. உடம்பில் தீக்காயம். உலகப் பத்திரிகைகள் இரங்கல் செய்தி போட்டுவிட்டன, அவர் படுத்துக்கொண்டு அவற்றைப் படித்தார். இந்தக் கதையை எல்லோரும் வேடிக்கையாகச் சொல்வார்கள். நான் அந்தக் காதிலிருந்து கசிந்த திரவத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். மண்டையோட்டின் அடித்தளத்தில் விரிசல் விட்டிருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அதே வருடக் கடைசியில் நோபல் பரிசு அறிவித்தபோது ஸ்டாக்ஹோம் போக உடம்பு இடம் கொடுக்கவில்லை. ஏற்புரையை அமெரிக்கத் தூதர் வாசித்தார்.

தலையில் அடிபட்டால் தற்கொலை அபாயம் கூடுமா? கூடும் என்பதற்கு இன்று நல்ல ஆதாரம் இருக்கிறது. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளில் 1980 முதல் 2014 வரை 70 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், தலைக்காயத்துக்காக மருத்துவமனை போனவர்களிடம் தற்கொலை விகிதம் மற்றவர்களைப்போல 1.9 மடங்கு இருந்தது. சிகிச்சை முடிந்த முதல் ஆறு மாதம் அபாயம் மிக அதிகம். 2017இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு தற்கொலையால் இறந்த 2,674 பேரின் மருத்துவப் பதிவுகளை எடுத்துக்கொண்டது. மூளைக்காயத்துக்கு அங்கே கிடைத்த எண் கிட்டத்தட்ட 9 மடங்கு. இரண்டு எண்ணும் இவ்வளவு விலகி நிற்பதால் எதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இரண்டும் காட்டும் திசை ஒன்றுதான்.

சர்ப்பகந்தி

1940களின் பிற்பகுதியிலேயே அவருக்கு இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. 1950களில் அதற்கு அவர் சாப்பிட்ட மாத்திரைகளில் ஒன்று ரெசர்பின்.

இந்த மாத்திரையின் பூர்வீகம் நம் ஊர். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுப்பது. பாம்புக்கடிக்கும் புத்தி பேதலித்தவர்களுக்கும் இந்தியாவில் காலங்காலமாகக் கொடுத்துவந்த வேர். 1931இல் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இதைப் பற்றி ஒரு மருத்துவக் கட்டுரை எழுதினார்கள். பித்துக்கும் இரத்த அழுத்தத்துக்குமான புதிய இந்திய மருந்து என்று தலைப்பிலேயே இரண்டையும் சேர்த்தார்கள். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

நரம்பு முனைகளில் சேமித்திருக்கும் செரடோனின், நார்அட்ரினலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்களை ரெசர்பின் காலிசெய்துவிடும். பிரஷர் இறங்குவது அதனால்தான். ஆனால் மருந்து புழக்கத்துக்கு வந்த சில வருடங்களிலேயே, இதைச் சாப்பிடும் பிரஷர் நோயாளிகளில் சிலர் காரணமில்லாமல் சோர்ந்துபோகிறார்கள் என்று டாக்டர்கள் எழுத ஆரம்பித்தார்கள். மூளையில் இந்த வேதிப்பொருள்கள் குறைவதே மனச்சோர்வு என்ற கருதுகோள் உருவானதற்கு இந்தக் கவனிப்பும் ஒரு காரணம். மேயோவில் ஹெமிங்வேயின் மாத்திரைப் பட்டியலைப் பார்த்தவர்களுக்கும் இதே சந்தேகம் வந்து, ரெசர்பினை நிறுத்தினார்கள்.

ஹெமிங்வேயைக் கவிழ்த்தது ரெசர்பின்தான் என்று அடித்துச் சொல்லும் கட்டுரைகள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பழைய ஆய்வுகளைத் திரும்பச் சலித்தவர்கள், அந்த மருந்து மனச்சோர்வு உண்டாக்கும் என்பதற்கான சான்று நினைத்த அளவு வலுவானதல்ல என்கிறார்கள். ஏற்கெனவே தளர்ந்திருந்தவருக்கு அது ஒரு கூடுதல் சுமையாக இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்லலாம்.

கல்லீரல், சர்க்கரை, இரும்பு

மேயோவில் அவரது உடம்பைப் பரிசோதித்தவர் ஹ்யூ பட், கல்லீரல் நிபுணர். கல்லீரல் வீங்கியிருந்தது, இலேசான சர்க்கரையும் தெரிந்தது. பல்லாண்டுக் குடிக்கு அது ஆச்சரியமில்லை. ஆனால் கல்லீரலும் சர்க்கரையும் சேர்ந்து வந்ததால் இன்னொரு சந்தேகமும் எழுந்தது: ஹீமோகுரோமடோசிஸ். உணவிலிருந்து உடம்பு அளவுக்கு மீறி இரும்புச்சத்தை உறிஞ்சி, கல்லீரலிலும் கணையத்திலும் மூட்டுகளிலும் தேக்கிவைக்கும் பரம்பரை நோய். தீராத அசதி, மூட்டுவலி, சர்க்கரை, சிலருக்கு மனச்சோர்வு. இரத்தத்தை அவ்வப்போது எடுத்துவிடுவது இன்றைக்கும் இதற்கு முக்கிய சிகிச்சை. அப்பாவுக்கும் தம்பிக்கும் சர்க்கரை இருந்ததைப் பார்க்கும்போது அந்தச் சந்தேகம் பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் ஊகம் ஊகம்தான். இன்று மரபணுப் பரிசோதனை ஒன்றில் தெரிந்துவிடும் விஷயம், அன்று அந்த வசதி கிடையாது.

அப்புறம் குடி. குடி, தலைக்காயம், தூக்கமின்மை, பிரஷர் மாத்திரை, கல்லீரல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி டாக்டரின் தனித்தனிக் கவலையாக இருந்தது. மேலே சொன்ன 2017 அமெரிக்க ஆய்வில் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படும் பகுதி இது. அவர்கள் பார்த்த 19 உடல்நோய்களில் 17, தற்கொலை அபாயத்தோடு சேர்ந்து வந்தன. மனநோயையும் போதைப் பழக்கத்தையும் கணக்கில் கழித்த பிறகும் 9 நோய்களின் தொடர்பு மிஞ்சி நின்றது. இறந்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களில் 15.5 சதவீதம் பேருக்குத்தான். அதாவது மனச்சோர்வு மட்டுமே எல்லாவற்றையும் விளக்கிவிடவில்லை. ஒரு நோயின் மேல் இன்னொரு நோய் ஏறுவதற்கென்று தனியாக ஒரு கனம் இருக்கிறது.

மேயோ

மனநல மருத்துவர் ஹோவர்ட் ரோம். சிகிச்சை, மின்னதிர்வு. நம் ஊரில் ஷாக் ட்ரீட்மென்ட் என்று பயத்தோடு சொல்வோமே அது. சினிமா காட்டியது வேறு. உயிருக்கு ஆபத்தான மனச்சோர்வுக்கு இன்றும் வேகமாகப் பலன் தரும் சிகிச்சை இது, மயக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். ஆக, இந்தச் சிகிச்சையைத் தேர்ந்ததைக் குற்றம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதன் தெரிந்த பக்கவிளைவு ஞாபக இழப்பு. பெரும்பாலானவர்களுக்கு அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். பலமுறை அடிபட்ட மூளையில் அது எப்படி இறங்கும் என்று அன்று யாரும் தனியாக யோசித்ததாகத் தெரியவில்லை. நினைவைத்தான் முதலாகப் போட்டு எழுதிப் பிழைத்தவர். அது போய்விட்டது என்று நண்பரிடம் புலம்பினார்.

1961 ஜனவரி 22இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிப்ரவரியில் புதிய அதிபர் கென்னடிக்குத் தரவிருந்த வாழ்த்துத் தொகுப்புக்கு ஒன்றிரண்டு வரி எழுதித் தரக் கேட்டார்கள். நாளெல்லாம் உட்கார்ந்தும் வரவில்லை. டாக்டர் சேவியர்ஸ் வந்தபோது, இனி எழுத்து வராது என்று கண்ணீர்விட்டார். எழுத முடியாததால் சோர்ந்தாரா, சோர்வால் எழுத முடியவில்லையா, இரண்டுக்கும் கீழே மூளையே தேய்ந்துகொண்டிருந்ததா என்பதை வெளியிலிருந்து பிரிக்க முடியாது.

சந்தேகங்களும் இருந்தன. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. தன்னைப் பின்தொடர்கிறது என்றார், காசு தீர்ந்துவிட்டது என்றார். காசு தாராளமாக இருந்தது. எஃப்.பி.ஐ. விஷயம் கொஞ்சம் சிக்கல். 1980களில் வெளியான ஆவணங்களின்படி 1942 முதலே அவர் பெயரில் கோப்பு ஒன்று இருந்திருக்கிறது. வேறு பெயரில் சேர்ந்ததற்காக எஃப்.பி.ஐ. கவலைப்படவில்லை என்று நோயாளியிடம் சொல்லலாமா என டாக்டரே அவர்களிடம் கேட்டதும் அந்தக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. நோயாளி சொல்வதெல்லாம் பிரமை என்று ஒரேயடியாகத் தள்ளிவிடக் கூடாது என்பதற்கு மனநல மாணவர்களுக்குச் சொல்ல நல்ல உதாரணம்.

ஏப்ரலில் நிலைமை மோசமாகி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று தடுக்கப்பட்டு, 25ஆம் தேதி மறுபடி மேயோ, மறுபடி மின்னதிர்வு. ஜூன் 26இல் வீட்டுக்கு அனுப்பினார்கள். மனைவி மேரிக்கு அதில் சம்மதமில்லை. நன்றாகிவிட்டதுபோல டாக்டரிடம் பேசிக் கணவர் நம்பவைத்துவிட்டார் என்பது மேரியின் எண்ணம். காரிலேயே ஊர் திரும்பி, வந்து சேர்ந்த இரண்டாம் நாள் அதிகாலை எல்லாம் முடிந்தது. விபத்து என்றுதான் மேரி முதலில் சொன்னார். உண்மையை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளச் சில வருடங்கள் ஆனது.

மனநல மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதல் மூன்று மாதம்தான் அபாயம் உச்சத்தில் இருக்கும் காலம். பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டி 2017இல் வெளியான தொகுப்பாய்வு இதை உறுதிசெய்தது. டிஸ்சார்ஜ் என்றால் ஆபத்து தாண்டியது என்று குடும்பம் நினைக்கும். ஆபத்தானவற்றைக் கைக்கு எட்டாமல் அகற்றுவதும், ஒருவர் மாற்றி ஒருவர் கூட இருப்பதும், ஒரு வாரத்துக்குள் டாக்டரை மறுபடி பார்ப்பதும் தேவைப்படும் நாள்கள் அவை.

வேறு மாதிரிப் பார்ப்பவர்கள்

ஆண்ட்ரூ ஃபரா என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 2017இல் ஒரு வாதம் வைத்தார். ஹெமிங்வேக்கு இருந்தது வெறும் மனச்சோர்வு அல்ல. மீண்டும் மீண்டும் பட்ட தலைக்காயம், குடி, இரத்த நாளச் சேதம் எல்லாம் கலந்த மறதி நோய் தொடங்கியிருந்தது. அதனால்தான் பலருக்கு உதவும் மின்னதிர்வு அவருக்கு உதவவில்லை என்றார். கவர்ச்சியான வாதம், பாதிக்கு மேல் எனக்கும் ஒப்புதல். ஆனால் சி.டி.இ.யை உறுதிசெய்ய, இறந்த பிறகு மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். இவருக்கு அது நடக்கவில்லை.

இன்னொரு தரப்பு, இது குடும்ப இரத்தத்தில் இருந்தது என்கிறது. அப்பா கிளாரன்ஸ் 1928 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். தங்கை உர்சுலா 1966இல், தம்பி லெஸ்டர் 1982இல். மரபு பெரிய காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூவரின் கடைசிக் காலத்தையும் பாருங்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, நெஞ்சுவலி, நிலத்தில் போட்ட பணம் போன கவலை. தங்கைக்குப் புற்றுநோய், கூடவே மனச்சோர்வு. தம்பிக்குச் சர்க்கரை முற்றி, பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு கால்களை எடுக்க வேண்டிவரலாம் என்ற நிலை. குடும்பத்தில் ஓடியது மனநோய் மட்டும்தானா என்ற கேள்வியை நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

நம் பக்கம்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். காரணப் பட்டியலில் குடும்பப் பிரச்சினைகளுக்கு அடுத்து வருவது நோய், 18.4 சதவீதம். காவல் நிலையத்தில் எழுதும் ஒற்றை வார்த்தைக் காரணத்தை நான் முழுசாக நம்புவதில்லை. 'தீராத வயிற்றுவலி' என்று செய்தித்தாளில் வரும் வரியை நாம் எல்லோரும் எத்தனை முறை படித்திருப்போம்! மனச்சோர்வை மறைக்கக் குடும்பம் வயிற்றுவலி என்று சொல்லியிருக்கலாம். உண்மையிலேயே வயிற்றுவலி இருந்து, ஆறேழு டாக்டர் பார்த்தும் ஒருவர்கூட மனசைப் பற்றிக் கேட்காமல் விட்டிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாகவும் இருக்கலாம், மேயோவில் பிரஷர் இருந்ததுபோல.

நம் ஊர்ப் புறநோயாளி வரிசையில் மனச்சோர்வு தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. கை கால் குடைச்சல், நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வரும். மனச்சோர்வை அளக்க டாக்டர்கள் பயன்படுத்தும் பி.எச்.க்யூ.-9 வினாத்தாளில் ஒன்பது கேள்விகள். தூக்கம், அசதி, பசி, உடம்பு மந்தப்படுவது அல்லது பரபரப்பது என்று நான்கு கேள்விகள் உடம்பைப் பற்றியவை. சர்க்கரைக்காரருக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் இந்த நான்கும் நோயாலேயே இருக்கும், அதனால் 'அது நோயோட அசதிங்க' என்று தாண்டிப் போவது எளிது. அங்கே உரசிப் பார்க்க வேண்டியவை வேறு. பிடித்த எதிலும் நாட்டம் போய்விட்டதா? இனி ஒன்றும் மாறாது என்று தோன்றுகிறதா? எல்லாவற்றையும்விட, 'யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது' என்ற பேச்சு வருகிறதா? நம் வீட்டுப் பெரியவர்கள் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் அது, பாதி நேரம் அதற்கு அர்த்தமும் இல்லை. ஆனால் நீண்ட நோயும் சோர்வும் இருப்பவர் அதைச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. சாக வேண்டும்போல் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைபடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பலருக்கு அது ஆறுதலாகத்தான் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. மனநல மருத்துவரிடம் போகிறவர் தன் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பழைய தலைக்காயம், நாட்பட்ட வலி, குடி, சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போகலாம். தைராய்டு குறைவு, இரத்தசோகை, பி12 குறைபாடு இவையெல்லாம் மனச்சோர்வுபோலவே வேடம் போடும், அல்லது இருக்கும் சோர்வைக் கூட்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும். இரவில் கண் மூடவிடாத வலிக்கு வைத்தியம் பார்ப்பதும் தற்கொலைத் தடுப்புதான். யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டனையிலிருந்து விலக்குத் தந்திருக்கிறது. அரசு அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தர வேண்டும் என்றும் சொல்கிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து 'மாத்திரை மாறிப்போச்சு' என்று டாக்டரிடம் பொய் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

இதைப் படிக்கும்போது உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படியொரு எண்ணம் ஓடிக்கொண்டிருந்தால், இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் 104 உண்டு. சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் 1926 என்ற எண். உடம்பு முடியவில்லை என்று ஆரம்பித்தாலும் சரி, அங்கிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.